குடுக்குதா, குடிக்குதா?

கார் வாங்கியவனிடம் நம் ஊரில் யாரும் அது எப்படி ஓடுகிறது என்று கேட்பதில்லை. "எவ்வளவு குடுக்குது?" என்றுதான் கேட்கிறார்கள், பால்மாடு பிடித்துவந்தவனிடம் கேட்பதுபோல. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கேட்டார். மாடி வீட்டுக்காரர் கேட்டார். பூஜை போட வந்த குருக்கள், எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்துவிட்டு நிமிரும்போதே கேட்டார். நானும் கம்பெனி விளம்பரத் தாளில் அச்சடித்திருந்ததை அப்படியே ஒப்பித்தேன்: "லிட்டருக்கு 20.5."

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. முதல் ஆறு மாதம் கார் குடுத்தது. அதற்கப்புறம் குடிக்க ஆரம்பித்தது. பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்கு நான் பங்க்கில் மாதம் 2,500 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தேன்.

மைலேஜ் என்ற சொல்லே விசித்திரமானது. இந்தியா மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. மைல்கல்லில்கூட மைல் இல்லை. ஆனால் கார் விஷயத்தில் மட்டும் மைல் போகவில்லை. வண்டிக்கு 'ஏஜ்' ஆக ஆக நமக்கு அதைப் பற்றிய கவலையும் போகவில்லை.

ஆபீஸ் கேன்டீனில் மைலேஜ் பேச்சு வந்தால் யாரும் உண்மை பேசுவதில்லை. ஒருவர் 22 என்பார். இன்னொருவர், "சிட்டியிலயே 22-ன்னா ஹைவேயில 26 தாண்டுமே சார்" என்று அவருக்காகப் பொய் சொல்லுவார், தன் முறை வரும்போது அவர் கைகொடுப்பார் என்ற நம்பிக்கையில். கேட்கிறவர்களும் விவரமானவர்கள். மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளத்தில் கழித்துக்கொள்வதுபோல, எந்த எண்ணைச் சொன்னாலும் மனசுக்குள் நாலைக் கழித்துவிடுவார்கள். 22 என்றால் 18. 20 என்றால் 16. இந்த வழக்கம் தெரிந்ததால் நான் 16 என்று சொல்லிவந்தேன். அவர்கள் 12 என்று புரிந்துகொண்டார்கள். நிஜமும் 12 தான். ஆகமொத்தம் நான் யாரையும் ஏமாற்றவில்லை.

அந்த 20.5-ஆவது பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்புகளில் காரை ரோலர்மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓட்டி எடுக்கும் எண் அது. முழுச் சோதனையும் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஏ.சி. கிடையாது. வேகம் 90-ஐத் தாண்டாது. அந்த 90-ஐயும் கடைசியில் கொஞ்ச நேரம்தான் தொடும். எந்த விநாடியில் வேகம் எடுப்பது, எந்த விநாடியில் கியர் மாற்றுவது என்று எழுதிவைத்த அட்டவணை உண்டு. ஓட்டுகிறவர் அரங்கேற்றத்துக்கு வந்தவர் மாதிரி தாளம் தப்பாமல் மிதிப்பார். ரோலரில் ஓடும் காருக்கு எதிரே தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்காது. ராங் ரூட்டில் மீன்பாடி வண்டி வராது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அந்த எண் நன்றாக உதவும், ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று எழுதியிருப்பது மாதிரி. குடும்பம் நடத்துவது வேறு சமாச்சாரம்.

நானும் காரும் குடும்பம் நடத்துவது வேளச்சேரிக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நடுவில். ஆபீஸ் 15 கிலோமீட்டர். போய்ச் சேர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் பாதி, கார் நின்றுகொண்டிருக்கும். சின்ன கார்கூட ஏ.சி. போட்டுக்கொண்டு சும்மா நின்றால் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பெட்ரோலைக் குடித்துவிடும். அப்போது அதன் மைலேஜ் என்ன? பூஜ்யம். பூஜ்யத்தோடு 20.5-ஐச் சேர்த்து சராசரி போட்டால் 20.5 வராது என்று எட்டாம் வகுப்புக் கணக்கே சொல்லிவிடும். ஆனால் எனக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை, குற்றவாளிதான் வேண்டியிருந்தது.

முதலில் பங்க்கைச் சந்தேகப்பட்டேன். 500 ரூபாய்க்குப் போட்டால் மெஷினில் ஏதோ செய்துவைத்திருப்பார்கள், 510-க்குப் போடு என்று நண்பன் சொன்னான். போட்டேன். அப்புறம் 510-ஐயும் கண்டுபிடித்திருப்பார்கள் என்று தோன்ற, 517-க்குப் போட்டேன். "ஜீரோ பாருங்க சார்" என்று வழக்கமாகச் சொல்லும் பையன், அன்றைக்கு மெஷினைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு, விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் குளிர்ந்து சுருங்கியிருக்கும், அதே லிட்டருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று இன்னொருவர் சொன்னார். ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து போனேன். பெட்ரோல் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்பது நிஜம்தான். ஆனால் பங்க்கில் அது இருப்பது பூமிக்கடியில் இருக்கும் தொட்டியில். அங்கே பிரம்ம முகூர்த்தமும் ஒன்றுதான், உச்சி வெயிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதற்காக நான் தினமும் செய்த காரியம் என்னவென்றால், ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினைக் கிளப்பி மூன்று கிலோமீட்டர் ஓட்டியது. இன்ஜின் 90 டிகிரி வாக்கில் சூடாகும்வரை பெட்ரோலைக் கூடுதலாகத்தான் இழுக்கும். அது சூடாகும் நேரத்தில் நான் வீடு திரும்பி அணைத்துவிடுவேன்.

அடுத்து ஏ.சி. மே மாதம், காலை ஒன்பது மணி முகூர்த்தம், 12 கிலோமீட்டர் தூரத்தில் கல்யாண மண்டபம். ஏ.சி.யைப் போடாமல் ஓட்டுவது என்று தீர்மானித்தேன். என் மனைவி பட்டுப்புடவையில் ஒன்றும் பேசாமல் வந்தாள். அவள் பேசாமல் வருவது எனக்கு ஏ.சி.யைவிட அதிகக் குளிர்ச்சியைத் தரக்கூடியது. மண்டபத்தில் இறங்கியபோது என் பட்டுச்சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண், ஏற்கெனவே தெளித்தாகிவிட்டது என்று நினைத்து என்னை விட்டுவிட்டாள். மிச்சமானது பதினோரு ரூபாய். சட்டையை டிரை வாஷுக்குப் போட்டது 180.

கடைசியாக எத்தனால். என் பக்கத்து சீட்காரர், மழை பெய்யாவிட்டால்கூட எத்தனாலைத்தான் சொல்லுவார். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சத்து குறைவு, இரண்டும் உண்மை. ஆனால் 20 சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஆறேழு சதவீதம்தான். எனக்குக் குறைந்திருப்பது 40 சதவீதம். பாக்கி முப்பத்துச் சொச்சத்துக்கு எத்தனால் பொறுப்பில்லை. இதை அவரிடம் சொன்னேன். "நீங்க அவங்க ஆளா?" என்றார்.

இந்த நிலைமையில்தான் போன வருஷம் பள்ளிக்கூட லீவில் நாமக்கல் போனோம், மாமனார் வீட்டுக்கு.

மாமனார் அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் டிரைவர். நாமெல்லாம் மைலேஜ் என்று சொல்வதை அவர்கள் டெப்போவில் 'கே.எம்.பி.எல்.' என்பார்கள். நமக்கு மைலேஜ் குறைந்தால் பெருமூச்சு விடுவோம். அவர்களுக்கு கே.எம்.பி.எல். குறைந்தால் மேலதிகாரி கூப்பிட்டனுப்புவார். யார் எவ்வளவு டீசலுக்கு எவ்வளவு தூரம் ஓட்டினார் என்று ஒவ்வொரு டிரைவர் பேரிலும் கணக்கு உண்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும் உண்டு. லிட்டருக்கு 5.6 எடுத்தவருக்கும் 4.9 எடுத்தவருக்கும் நடுவில் இருக்கும் அந்த முக்கால் கிலோமீட்டருக்குள் ஒரு மனுஷனின் மானம் மரியாதை முழுக்க அடங்கிவிடும் என்பார் மாமனார். அவர் பெயர் எப்போதும் முதல் நாலு இடத்துக்குள் இருந்ததாம். ஐந்தாம் இடத்துக்குப் போன ஒரு மாதத்தைப் பற்றி அவர் இன்றுவரை பேசுவதில்லை. மாமியார்தான் சொல்லியிருக்கிறார்.

சென்னையிலிருந்து நாமக்கல், நான் போகும் வழியில் 370 கிலோமீட்டர். உளுந்தூர்பேட்டையில் பிரிந்து கள்ளக்குறிச்சி, ஆத்தூர், ராசிபுரம். ஹைவேயாவது என் மானத்தைக் காப்பாற்றும் என்று நம்பி 100, 110 என்று போனேன். வழியில் ஓர் அரசு பஸ்ஸை நாலு தடவை முந்தினேன். பின் சீட்டில் இருந்த பதினொன்றாம் வகுப்பு மகள், "நாலு தடவை முந்தணும்னா மூணு தடவை அது நம்மள முந்தியிருக்கணும்ப்பா" என்றாள். டீக்கு நிறுத்தினோம், அது முந்தியது. டோல் கேட்டில் தப்பான வரிசையில் நின்றேன், அது முந்தியது. மூன்றாவது எப்போது என்று எனக்கே தெரியவில்லை. 110-ல் போகும் காரை எதிர்த்துக் காற்று தள்ளும் விசை, 80-ல் தள்ளுவதுபோலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நான் பஸ்ஸோடு போட்டி போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் கணக்குப்படி காற்றோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

நாமக்கல் எல்லையில் டேங்க் ஃபுல் செய்துவிட்டு வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"வாங்க மாப்ள. வண்டி என்ன குடுக்குதுங்க?"

"18 மாமா." கேன்டீன் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மாமனார் குனிந்து டேஷ்போர்டைப் பார்த்தார். டிரிப் மீட்டரில் 370. கியர் பக்கத்தில் பங்க் ரசீது, 26 லிட்டர். பேப்பரும் இல்லை, பேனாவும் இல்லை. முப்பது வருஷ டிரிப் ஷீட் தலைக்குள்ளேயே இருக்கிறது. "பதினாலே காலுக்குக் கொஞ்சம் கம்மியா வருதுங்களே மாப்ள" என்றார், டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்லும் குரலில். நான், நாமக்கல் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சென்னையிலிருந்து வருவது முழுக்க மேடு அல்லவா என்று ஆரம்பித்தேன். மகள் செல்போனில் தட்டிப் பார்த்து, அத்தனை மேட்டுக்கும் சேர்த்துக் கால் லிட்டர்தான் ஆகும் என்று தீர்ப்புச் சொன்னாள். பிள்ளைகளைப் படிக்கவைப்பதில் இருக்கும் கஷ்டம் இதுதான்.

"பெட்டியெல்லாம் எடுக்கலாமுங்களா" என்று மாமனார் டிக்கியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

டிக்கிக்குள் அம்மிக்கல் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமியார் ஆசையாகக் கொடுத்தனுப்பியது. மிக்ஸி சட்னியில் என்ன ருசி இருக்கிறது, இதில் அரைத்துச் சாப்பிடுங்கள் என்று கொடுத்தது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. 30 கிலோ கல்லை நாளைக்குத் தூக்கிக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான். அன்றிலிருந்து அது தினமும் என்னோடு ஆபீஸுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அட்டெண்டன்ஸ் என்னைவிட நன்றாக இருக்கும். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, அம்மாவ பாக்க வர்றப்ப அம்மியையும் கூட்டியாந்துட்டியா" என்று மகளிடம் கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். பட்டுப்புடவையில் வந்தபோது பேசாமல் சேர்த்துவைத்ததையும் சேர்த்து அந்தப் பார்வையில் வைத்திருந்தாள்.

காரில் 50 கிலோ கூடினால் பெட்ரோல் செலவு ஒரு சதவீதம் போலக் கூடும். மூன்று வருஷத்தில் அம்மிக்கு 1,300 ரூபாய்க்குமேல் டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று மகள் கணக்குப் போட்டாள். கல்யாணத்தில் அம்மியை ஒரு தடவை மிதித்ததோடு விட்டிருக்கலாம்.

மாமனார் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் முஷ்டியால் ஒரு தட்டுத் தட்டினார். டெப்போவில் பஸ் டயரைக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பார்களே, அந்தப் பழக்கம். முன்னால் இடது டயரில் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்தார். "ரெண்டு டயரு பட்டினிங்க மாப்ள." காற்றுப் பிடிக்கிற இடத்தில் பார்த்தால், 33 இருக்கவேண்டிய இடத்தில் 24. எப்போது கடைசியாகக் காற்றுப் பார்த்தேன் என்று கேட்டார். நான் யோசித்தேன். இந்தக் காரா, போன காரா என்று யோசித்தேன். டயரிலிருந்து காற்று மாதம் ஒன்றிரண்டு புள்ளி தானாகவே இறங்கும். இறங்கினால் டயர் சப்பையாகித் தரையோடு அதிகமாக உரசும். இன்ஜின் அதையும் சேர்த்து இழுக்கவேண்டும். காலில் ஈரச்சாக்கைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல. கடைக்காரப் பையன், "நைட்ரஜனா, சாதா காத்தா?" என்றான். மாமனார், "சாதாவுலயே முக்காவாசிக்கு மேல நைட்ரஜன்தான் தம்பி, அதையே அடி" என்றார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. அவன் அவரை மரியாதையாகப் பார்த்தான். என்னைப் பார்க்கவேயில்லை.

மறுநாள் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மாமனார் பல வருஷம் பஸ் ஓட்டிய தடம். நான்தான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் லேசாக மூச்சை இழுத்தார். ஏறும்போது என் டேஷ்போர்டில் அந்தந்த நொடி மைலேஜைக் காட்டும் எண் 6, 5 என்று போனது. "நம்ம பஸ்ஸு மைலேஜுங்க" என்று வாஞ்சையோடு பார்த்தார்.

இறக்கத்தில்தான் என் திறமையைக் காட்டலாம் என்று வைத்திருந்தேன். எனக்குக் கார் கற்றுக்கொடுத்தவர் பழைய அம்பாஸடர் டிரைவர். இறக்கத்தில் நியூட்ரல் தட்டிவிட்டால் பெட்ரோல் செலவே இல்லை என்பது அவர் எனக்கு உபதேசித்த மந்திரம். முப்பதாவது வளைவு வாக்கில், யாரும் பார்க்காத மாதிரி நைசாக நியூட்ரலுக்குத் தட்டினேன். மாமனார் ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே கேட்டார்:

"மாப்ள, வண்டி இப்ப யாரு கையில இருக்குதுங்க?"

இன்ஜின் சத்தம் மாறியதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். எனக்குக் கை வேர்த்துவிட்டது. செகண்டுக்குப் போட்டேன்.

"ஏறும்போது எந்த கியரோ, எறங்கும்போதும் அந்த கியருங்க. நியூட்ரல்ல வந்தா முழுப் பாரமும் பிரேக்குல நிக்கும். பிரேக்கு சூடேறுச்சுன்னா அப்புறம் அது நம்ம சொன்ன பேச்சு கேக்காது."

"பெட்ரோல் மிச்சமாகுமேன்னு பார்த்தேன் மாமா."

"அதும் ஆவாதுங்க."

அப்போதுதான் மகள் முன்னால் எட்டி டேஷ்போர்டைக் காட்டினாள். நியூட்ரலில் உருண்டபோது 40-ஐச் சுற்றி நின்ற எண், செகண்ட் கியரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் 99.9-க்குப் போய் அங்கேயே நின்றது. அதற்குமேல் காட்ட அதில் இடமில்லை. கார்புரேட்டர் வண்டிகளில் அம்பாஸடர்க்காரர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இறங்கும்போது சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். பெட்ரோலை அது அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் சக்கரத்தின் உதவி போய்விடும், இன்ஜின் தன்னை அணையாமல் வைத்துக்கொள்ளவே பெட்ரோல் குடிக்கும். அதாவது, உயிரைப் பணயம் வைத்துப் பதினைந்து வருஷமாக நான் இறக்கத்தில் பெட்ரோலைக் கூடுதலாகச் செலவு செய்துவந்திருக்கிறேன். பஸ்ஸிலும் இப்படித்தானா என்று கேட்டேன். கியரில் இறங்கினால் பம்ப்பே டீசலைக் கட்டிவிடும் என்றார். "சமதரையில சில பேரு கே.எம்.பி.எல்.லுக்காக நியூட்ரல் தட்டுவாங்க. தப்புத்தானுங்க அதும்." யார் அந்தச் சில பேர் என்று கேட்டேன். அவர் மறுபடியும் பள்ளத்தாக்கைப் பார்க்க ஆரம்பித்தார்.

திரும்பும்போது மாமனாரும் சென்னைக்கு வந்தார். ஓர் ஆள் கூடுதல், ஒரு மூட்டை தேங்காய் கூடுதல், அம்மி பழையபடி அதன் இடத்தில். ஓட்டியது அவர்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுங்காலால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டார். மிதித்தார் என்று எழுத மனசு வரவில்லை, தொட்டார். வேகம் 80-க்கு வந்தது, அதற்குமேல் போகவில்லை. அவர் பார்வை முன்னால் போகும் வண்டியில் இல்லை, அதற்கு முன்னால் போகும் வண்டிக்கும் முன்னால் இருந்தது. அரை கிலோமீட்டரில் ஒரு டிராக்டர் திரும்பப்போகிறது என்றால் இவர் இங்கேயே காலை எடுத்துவிடுவார். கார் தானாக வேகம் குறைந்து போய்ச் சேரும்போது டிராக்டர் திரும்பி முடித்திருக்கும். நானாக இருந்தால் டிராக்டரின் பின்பக்கம்வரை போய், அதன் டிரெய்லரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் பிரேக் அடித்திருப்பேன்.

"பிரேக்க மிதிச்சா, அதுக்கு முன்னாடி மிதிச்ச ஆக்ஸிலேட்டரு தெண்டம்னு அர்த்தங்க" என்றார்.

பின் சீட்டில் மகள் இதை இயற்பியலாக மாற்றிக்கொண்டிருந்தாள். ஆளோடு சேர்த்து 1,100 கிலோ கார், 60-ல் போகும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல், பெட்ரோலில் கால்வாசியைத்தான் இன்ஜின் ஓட்டமாக மாற்றும் என்ற கணக்கு, எல்லாம் போட்டுவிட்டுச் சொன்னாள்: 60-லிருந்து ஒரு தடவை முழுக்கப் பிரேக் அடித்து நின்றால் கிட்டத்தட்ட 19 மில்லி பெட்ரோல் பிரேக்கில் சூடாகக் காற்றில் போய்விடும். "லிட்டர் நூறு ரூபான்னா, ஒரு பிரேக்குக்கு ரெண்டு ரூபாப்பா." 40-லிருந்து என்றால் 85 பைசா. வேகம் இரண்டு மடங்கானால் தொகை நாலு மடங்காகும் என்றும் சேர்த்துக்கொண்டாள். அதிலிருந்து அவளுக்குக் கண்டக்டர் வேலை. தாத்தா எங்கே பிரேக்கைத் தொட்டாலும், "ரெண்டு ரூவா!" என்று டிக்கெட் கிழித்தாள். சென்னை வருவதற்குள் அவர் மொத்தம் 26 ரூபாய்க்கு டிக்கெட் வாங்கியிருந்தார். அதில் நாலு ரூபாய் ஓர் எருமை மாட்டால். அதை எதிர்த்து வாதாடியும் பார்த்தார், கண்டக்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கு இந்தப் பொறுமை மட்டும் விளங்கவில்லை. "ஏங்க மாமா, பொறுமைக்கு ஏதாவது வழி சொல்லிக்கொடுங்க" என்றேன்.

"புதுப்பொண்ண வலது காலை எடுத்து வெச்சு வாம்மான்னு சொல்றமில்லைங்க. வண்டில வலது கால எடுத்தாப் போதும், வெக்கிறதப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்."

தாம்பரம் பங்க்கில் டேங்க் ஃபுல் செய்தோம். ஆட்டோ கட் ஆனதும் பையன், "ரவுண்டு பண்ணிடலாமா சார்?" என்றான். மாமனார் வேண்டாம் என்றார். கிளம்பும்போது நாமக்கல்லில் ஆட்டோ கட்டில் நிறுத்தியதால் இங்கேயும் அதே இடத்தில் நிறுத்தினால்தான் கணக்கு சுத்தம். லிட்டருக்கு 19.1. போகும்போது என்னுடையது 14.2. ஆள் கூடி, தேங்காய் கூடி, ஏ.சி. போட்டும் 19.1. என்னைவிட 35 நிமிடம் அதிகமாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்த 35 நிமிடத்தைச் சம்பாதிக்கப் போகும்போது நான் கிட்டத்தட்ட ஏழு லிட்டரை எரித்திருந்தேன். சம்பாதித்த நேரத்தை என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நாமக்கல் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் யாரோ நாய்க்குட்டியைக் குளிப்பாட்டும் வீடியோ பார்த்தேன். 700 ரூபாய்க்குக் குட்டி சுமாராகத்தான் இருந்தது.

மாமனார் பத்து நாள் எங்களோடு இருந்தார். முதல் காரியமாக வாட்ச்மேனையும் என்னையும் சேர்த்து அம்மியை மூன்றாவது மாடிக்கு ஏற்றவைத்தார். இரண்டாவது காரியமாக, 800 மீட்டரில் இருக்கும் பால் பூத்துக்குக் காரில் போகும் என் வழக்கத்தை நிறுத்தினார். அவரே நடந்துபோய் வாங்கிவந்துவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? மூன்றாவதாக, ஒரு நாள் என்னோடு ஆபீஸ்வரை வந்தார். மகளும் வந்தாள். 15 கிலோமீட்டரில் எனக்கு 43 டிக்கெட் கிழித்தாள், எல்லாம் 85 பைசா டிக்கெட். மாமனார் ஒவ்வொரு தடவையும் தன்னையறியாமல் வலது காலைத் தரையில் அழுத்தினார். சிக்னலில் நான் கிளச்சில் காலை வைத்தபடி காரை முன்னும் பின்னும் ஊசலாட்டிக்கொண்டிருந்தபோது, "தூளி ஆட்டறீங்களா மாப்ள?" என்று கேட்டார். எதிரே சிக்னலில் 110 விநாடி பாக்கியிருந்தது. கை நீட்டி இன்ஜினை அணைத்தார். மறுபடி ஸ்டார்ட் செய்யும் செலவு, பத்து விநாடி சும்மா நிற்கும் செலவுக்குமேல் இருக்காது. ஆனால் பின்னாலிருந்த கால் டாக்ஸிக்காரர், வண்டி நின்றுபோய்விட்டது என்று நினைத்து 110 விநாடியும் ஹாரன் அடித்தார்.

இப்போது நான் ஏழரைக்கே கிளம்பிவிடுகிறேன். ஒரு மணி நேரப் பாதை 35 நிமிடத்தில் முடிகிறது. மாதம் முதல் தேதி சம்பளம் வருகிறதோ இல்லையோ, டயருக்குக் காற்று பார்த்துவிடுகிறேன். முன்னால் போகும் காருக்கும் எனக்கும் நடுவில் இடம் விடுகிறேன். அந்த இடத்தில் இரண்டு பைக், ஓர் ஆட்டோ, ஒரு தடவை ஐஸ்கிரீம் வண்டிகூட வந்து நுழைந்துகொண்டன. டிக்கி காலி. சட்னி அம்மியில், அரைப்பது நான்.

மூன்று மாதம் டேங்க் ஃபுல் டு டேங்க் ஃபுல் போட்டு, நோட்டில் எழுதி, மாமனாருக்கு போனில் ஒப்பித்து, அவர் அந்தப் பக்கம் வகுத்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகு, போன வாரம் கேன்டீனில் மைலேஜ் பேச்சு வந்தது. என் முறை வந்ததும் தலை நிமிர்ந்து சொன்னேன், முதல் தடவையாக உண்மையை:

"16."

பக்கத்து சீட்காரர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"போன வருஷமும் அதேதானே சொன்னீங்க? ஒரு தடவை நல்ல இடமாப் பார்த்து சர்வீஸுக்கு விடுங்க சார்."